கதவடைப்புக் காலத்து ரொட்டி

தொழிற்சாலை கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்த அன்று நான் காலை பதினோரு மணிக்கே தாம்பரம் ஸ்டேஷனில் திரும்பி வந்து இறங்கினேன். பதினைந்து வருஷமாக அந்த ஸ்டேஷனில் ரயில் ஏறி இறங்குகிறவன், வேலை நாளில் அதை அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை. பிளாட்பாரத்தில் கூட்டமில்லை. கிழக்குப் பக்கம் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல் சேலையூர் வரை நடந்தே போனேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. அவள் நர்ஸ். எட்டாவது படித்த எங்கள் ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். எங்கள் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் அந்த அக்கா குடும்பத்தின் வயல். மனை போட்டு விற்றபின் மிச்சம் வைத்துக்கொண்ட இடத்தில் வீடும், பின்னால் இரண்டு மாடுகளும் இருந்தன.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்றார் அக்கா.

"கம்பெனிய மூடிட்டாங்க அக்கா."

"எப்போ தொறப்பாங்களாம்?"

"தெரியலை."

அவர் சாவியைக் கொடுக்காமல் உள்ளே போய் ஒரு சொம்பு மோருடன் வந்தார். "மொதல்ல இத்த குடிங்க. வெயில்ல வந்துகினு கீறீங்க."

தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்டர். தயாரான பாகங்கள் வெளியே போவதற்கு முன் கடைசியாக என் மேஜைக்கு வரும். மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட், இல்லாவிட்டால் சிவப்பு. தலைமயிரில் பாதி அளவு பிசகினாலும் சிவப்புதான். மெஷின்காரர்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

முதல் மாதம் தினமும் கேட்டுக்கு எதிரில் சங்கம் போட்டிருந்த பந்தலில் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் மாதம் பந்தலில் ஆள் குறைந்தது. நானும் வாரம் இரண்டு நாள் மட்டும் போனேன். மற்ற நாட்களில் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். மனைவி ஷிப்ட் முடிந்து வரும்போது சோறும் குழம்பும் தயாராக இருக்கும். அவள் சாப்பிடுவாள், நன்றாக இருக்கிறது என்பாள். ஆனால் இரண்டு மாதமாக என் கையிலிருந்து உருப்படியான ஒரு பொருள்கூட வெளியே போகவில்லை என்ற எண்ணம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், கடையில் வாங்கிய பிரெட்டை டீயில் தோய்த்துத் தின்றேன். இனிப்பாக, பஞ்சாக, வாயில் வைத்ததும் கரைந்தது. அப்போதுதான் அந்த இன்னொரு ரொட்டி நினைவுக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன், எண்பதுகளின் கடைசியில், கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைதோறும் வீட்டிலேயே ரொட்டி சுடுவார். ஈஸ்ட் கிடையாது. கண்ணாடி பாட்டிலில் புளித்த மாவு இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலந்து பிசைவார். மேல்தோல் முறுகலாக, கடிக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். உள்ளே ஈரமும் புளிப்பும். அந்த ஊரில் எனக்கு வாய்க்கு ருசியாக இருந்தது அது ஒன்றுதான். நம் வீட்டுத் தோசையின் உறவுக்காரன் என்று தோன்றும்.

அதைச் சுட்டே தீருவது என்று அன்று முடிவு செய்தேன். எங்களிடம் கரண்டில் சூடாகும் வட்ட வடிவ அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்காக மனைவி வாங்கியது. வருஷத்தில் ஒரு வாரம் தவிர பரணில் தூங்கும். அதை இறக்கித் துடைத்தேன்.

"என்ன, ஆகஸ்ட் மாசத்துல கேக்கா?" என்றாள் மனைவி.

"கேக் இல்லை, பிரெட். புளிச்ச மாவுல."

"ஈஸ்ட் கடையில விக்குதே."

"ஈஸ்ட் இல்லாம."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு யூனிபார்மை மாற்றப் போனாள்.

கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து வைத்து, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அம்மாவின் பாட்டில் எத்தனையோ வருஷமாக உயிரோடு இருந்தது. அதை முதலில் எப்படி ஆரம்பித்தார் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, முறையாகச் செய்தால் வராமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், மாவின் எடை, தண்ணீரின் எடை, வாசனை, உயரம். தெரிந்தவர் ஒருவரிடம் தபால் தராசு இரவல் வாங்கினேன். மனைவியின் பழைய தெர்மாமீட்டரை மாவுக்குள் சொருகிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மாவுக்கு ஜுரமா?" என்றாள்.

"தொண்ணூத்தி அஞ்சு," என்றேன், சிரிக்காமல்.

இரண்டாம் நாளே மாவு நுரைத்துப் பொங்கியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் பழைய சாக்ஸ் நாற்றம். மூன்றாம் நாள் நுரை அடங்கியது. நான்காம் நாள் ஒரு குமிழிகூட இல்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்து, நோட்டில் சிவப்பு மையால் அடித்து, கொட்டிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் கழுவி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி இரண்டாம் நாள் பொங்கல், நான்காம் நாள் சாவு. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன். பாட்டிலை மாற்றினேன். ஏழு தடவை ஆரம்பித்து, ஏழு தடவையும் நான்காம் நாளே கொட்டினேன்.

நடுவில் பொறுமையிழந்து இரண்டாம் நாள் நுரையை வைத்தே நான்கு முறை சுட்டும் பார்த்தேன். மேலே கருகி, உள்ளே களியாக, கனமாக வந்தன. ஒன்றை மதில் மேல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, செங்கல்லு கணக்கா கீது?"

"ரொட்டி, அக்கா. சரியா வரலை."

"மாட்டுக்குப் போடட்டா?"

"சாப்பிடுமா?"

"ஊற வெச்சா துன்னும். அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

மூன்று ரொட்டியை மாடுகள் தின்றன. நான்காவதை அவையும் முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டன. அக்கா அதை என்னிடம் சொல்லாமல் மனைவியிடம் சொல்ல, அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிக்க, மகளுக்குப் புரையேறியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாட்டிலைக் கழுவினேன்.

அந்த வாரக் கடைசியில் மகள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. "பொங்கவில்லை", "நாற்றம்", "தோல்வி", "கவனம் போதாது."

"என் கணக்கு நோட்டு மாதிரியே இருக்குப்பா," என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அவளுடைய கணக்கு நோட்டைத் தினமும் சாயங்காலம் நான்தான் திருத்துவேன். சரியான கணக்குக்கு ஒரு சின்ன கோடு. தப்புக்கு வட்டம் போட்டு, பக்கத்தில் "கவனம் போதாது" என்று எழுதுவேன். அதே எழுத்து, அதே பேனா. "போய்ப் படி," என்றேன்.

மனைவி வேறு விதமாகச் சொன்னாள். அவள் வாரம் இரண்டு முறை இட்லிக்கு மாவு கரைப்பவள். எந்த அளவும் கிடையாது, கைதான். "சில நாள் பொங்கும், சில நாள் பொங்காது. பொங்கலைன்னா தோசை ஊத்திட்டுப் போறேன். நீங்க என்னடான்னா தினம் அதுக்கு பரீட்சை வைக்கிறீங்க. திறந்து திறந்து பார்த்தா அது எப்படிப் புளிக்கும்?"

"இது இட்லி மாவு இல்லை."

"மாவுதானே?"

எனக்குக் கோபம் வந்தது. வேலை இல்லாதவனுக்கு யார் எது சொன்னாலும் கோபம் வரும் என்பது அப்போது தெரியவில்லை. இரண்டு நாள் அவளுடன் சரியாகப் பேசவில்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை. எட்டாவது தடவையாக மாவைக் கரைத்தேன்.

அதற்காக மில்லுக்குப் போய்க் கோதுமை அரைத்து வந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கேழ்வரகு அரைத்திருந்தார். மெஷினைச் சுத்தம் செய்யாமல் மில்காரர் என் கோதுமையைக் கொட்டிவிட்டார். மாவு பழுப்பும் சாம்பலுமாக வந்தது.

"கேழ்வரகு கலந்துடுச்சே," என்றேன்.

"கொஞ்சம் கலந்தா ஒண்ணும் ஆவாது சார். ஒடம்புக்கு நல்லதுதான்."

"எனக்குச் சுத்தமா வேணும்."

வாக்குவாதம் செய்து, வேறு கோதுமை வாங்கி மறுபடி அரைத்தேன். கேழ்வரகு கலந்ததைத் தனி டின்னில் போட்டுப் பரணில் தூக்கி வைத்தேன். சுத்தமான மாவில் எட்டாவது பாட்டிலை ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறை ஏரி நிரம்பி, தண்ணீர் தெருவுக்குள் வந்தது. ரயிலும் பஸ்ஸும் நின்றுவிட்டதால் மனைவிக்கு மாற்றாள் வரவில்லை. அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர். நானும் மகளும் பாடப் புத்தகங்களையும் துணிமணிகளையும் கட்டில் மேல் அடுக்கினோம். அடுப்பைச் சமையல் மேடையில் ஏற்றினோம். பக்கத்து வீட்டு அக்காவின் மாடுகளை மேட்டுத் தெருவுக்கு ஓட்டிப் போக நானும் மகளும் உதவினோம். ஒரு மாடு பாதி வழியில் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. மகள் அதன் கழுத்தைத் தடவி ஏதோ பேசி நடக்கவைத்தாள். தண்ணீர் நின்ற அந்த நான்கு நாட்களில் பாட்டிலைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வேலை இல்லாதவன் என்பதையும் அந்த நான்கு நாட்கள்தான் மறந்திருந்தேன்.

தண்ணீர் வடிந்த மறுநாள், மனைவி சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றிருந்தது.

"கொட்டிடு," என்றேன்.

"இட்லி மாவு மேல தண்ணி நின்னா நான் கொட்டுறேனா?" என்று கேட்டுவிட்டு மூடியைத் திறந்து முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க."

பழைய சாக்ஸ் நாற்றம் போய்விட்டிருந்தது. பழுத்த பழமும் மோரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அவள் மேல்தண்ணீரைத் தொட்டியில் சாய்த்தாள். அடியில் மாவு சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டிருந்தது.

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான்காம் நாள் அது சாகவில்லை. கெட்ட வாடைக் குமிழிகள் அடங்கி, நல்ல புளிப்பு கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நாள் சும்மா இருக்கும் போலிருக்கிறது. ஏழு தடவையும் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எடுத்துக் கொட்டியிருக்கிறேன். என் மேஜைக்கு வரும் உருக்குப் பாகத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்தால் அது தானாகச் சரியாகிவிடாது. மாவு அப்படியில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குத் தீனி போட மாவு தேடினேன். கீழே இருந்த நல்ல மாவு நனைந்து கட்டிக் கட்டியாகப் போயிருந்தது. மிஞ்சியது பரணில் இருந்த கேழ்வரகு கலந்த டின்தான். ஒரு கை அள்ளிப் போட்டுக் கரைத்து வைத்தேன். தராசு சேற்றில் மூழ்கித் துருப்பிடித்திருந்தது. நோட்டும் நனைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, சிவப்பு மை வழிந்து கிடந்தது. எழுத ஒன்றும் இல்லாததால் நேரம் பார்க்காமல் துணி துவைக்கப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், பாட்டிலில் மாவு இரண்டு மடங்காக ஏறி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை அதில் முக்கால்வாசியை எடுத்து, கைக்கு வந்த மாவு போட்டு, உப்புப் போட்டுப் பிசைந்தேன். ஒட்டினால் கையை நனைத்துக்கொண்டேன். ஈரத் துணி போட்டு மூடிவிட்டுக் கேட்டுப் பந்தல் வரை போய் வந்தேன். மத்தியானம் மாவு பூரித்திருந்தது. ஓவனில் வைத்தேன். சாயங்காலம் என்றால் தெரு முழுக்க விளக்குப் போட்டு வோல்டேஜ் இறங்கிவிடும். மத்தியானம்தான் சரி.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

"போச்சு," என்றேன்.

"திறக்காதீங்க," என்றாள் மனைவி. "சூடு உள்ளேயே இருக்கட்டும்."

நான் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது. மறுபடி சூடேற்றி, வாசனை வரும் வரை விட்டேன். மூடியைத் தூக்கியபோது ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் பிளந்து, ஒரு ஓரம் கறுத்து இருந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் நிச்சயம் சிவப்புதான். ஆறட்டும் என்று சொல்லக்கூடப் பொறுமையில்லை. அறுத்தேன். உள்ளே ஓட்டை ஓட்டையாக, ஈரமாக, சாம்பல் பழுப்பாக இருந்தது. வாயில் போட்டேன். ஜெர்மனியில் தின்றது மாதிரி இல்லை. கேழ்வரகின் மண்வாசனை வேறு. ஆனால் அந்தப் புளிப்பு இருந்தது, கடிக்க அந்தப் பலமும் வேண்டியிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் பார்த்துவிட்டாள்தான். இன்னொரு துண்டு அறுத்தாள்.

பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா அதைப் பிய்த்து, முந்தின நாள் மீன்குழம்பில் தோய்த்து மென்றார்.

"புளிப்பா கீது சார்," என்றார். நான் காத்திருந்தேன். இன்னொரு வாய் பிய்த்தார். "ஆனா நல்லா கீது. இத்த மாட்டுக்குக் குடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. ரொட்டி தவறியது உண்டு. சித்திரை வெயிலில் நான்கு மணி நேரத்தில் புளித்துத் தளர்ந்து ஓடிவிடும். அப்போது பாட்டிலைத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்தேன். மார்கழியில் நாள் முழுக்க அசையாது. காத்திருந்தேன். பொங்காத நாளில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, தோசைக்கல்லில் தடியாகத் தட்டினேன். மகள் அதற்காகவே பொங்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வாள். ஊருக்குப் போனால் பாட்டில் பட்டினி கிடக்கும். வந்து மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தீனி போட்டால் இரண்டு நாளில் எழுந்துவிடும். புது நோட்டு வாங்கவில்லை. மகளின் கணக்கைத் திருத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் "கவனம் போதாது" என்று எழுதுவதை விட்டேன். தப்பு வந்த இடத்தில் "இன்னொரு தடவை போடு" என்று எழுதினேன். அவள் கணக்கில் புலியாகிவிடவில்லை. நோட்டை ஒளித்து வைப்பதை மட்டும் நிறுத்தினாள்.

ஒன்பதாவது மாதம் தொழிற்சாலையைத் திறந்தார்கள். எல்லோரையும் எடுக்கவில்லை. என்னை எடுத்தார்கள். முதல் நாள் மேஜையில் உட்கார்ந்தபோது எதிரில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. அங்கே நின்றிருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அளவு விஷயத்தில் நான் இளகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பிசகினால் அப்போதும் சிவப்புதான். ஆனால் சிவப்பு அடித்த பாகத்தை எடுத்துக்கொண்டு மெஷின்காரரிடம் நானே நடந்து போனேன். எங்கே பிசகியது என்று இரண்டு பேருமாகப் பார்த்தோம். பதினைந்து வருஷத்தில் நான் அதைச் செய்ததில்லை.

வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெருமுனையிலேயே வாசனை. மனைவிக்கு அன்று வார லீவு. என்னைக் கேட்காமல் பாட்டிலை எடுத்து, மாவு பிசைந்து, தாளித்த வெங்காயமும் கறிவேப்பிலையும் உள்ளே போட்டு அவளே சுட்டு வைத்திருந்தாள். வட்டமாக, நிமிர்ந்து, ஒரு ஓரம்கூடக் கருகாமல் இருந்தது.

"எவ்வளவு மாவு போட்டே?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து நான்கு துண்டு சாப்பிட்டேன்.